பழைய படகுக்குப் புது இன்ஜின்: எதைப் போடலாம்?

மலேசியாவின் பேராக் மாநிலத்து ஊத்தான் மெலிந்தாங் வட்டாரத்தில் தோட்ட வேலையோடு மீன்பிடியும் பார்க்கிற நம் ஆட்கள் கேட்ட கேள்விகள் இவை. படகின் பின்பக்கம் வெளியே மாட்டுகிற அவுட்போர்டு இன்ஜின் பழுது பார்ப்பது என் தொழில். இன்ஜின் மாற்ற நினைக்கிறவர்கள் முதலில் 'எத்தனை குதிரை' என்றுதான் கேட்கிறார்கள். படகு எவ்வளவு தாங்கும் என்பதை அதற்கு முன்னால் பார்த்தாக வேண்டும்.

அண்ணே, என் ஃபைபர் படகு 18 அடி, ரொம்பப் பழசு. டூ ஸ்ட்ரோக் 40 ஓடிச்சு, இப்போ பிஸ்டன் போச்சு. ஃபோர் ஸ்ட்ரோக் 40 போடலாமா?

டூ ஸ்ட்ரோக் என்பது பெட்ரோலோடு எண்ணெய் கலந்து ஓடும் வகை, ஃபோர் ஸ்ட்ரோக்குக்கு எண்ணெய் தனி. குதிரைத்திறன் ஒன்றுதான், எடை வேறு. டூ ஸ்ட்ரோக் 40 சுமார் 70 முதல் 75 கிலோ. ஃபோர் ஸ்ட்ரோக் 40 நூறு கிலோவை நெருங்கும். அந்த அதிகப்படி 25 கிலோ படகின் கடைசி முனையில் தொங்கப்போகிறது. பழைய படகில் அடித்தட்டுக்குள் இருக்கும் நுரையும் பலகையும் தண்ணீர் குடித்து ஏற்கெனவே கனத்திருக்கும்.

காசு கொடுக்கும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். பழைய இன்ஜினை மாட்டியபடியே, அதை ஒட்டி 25 கிலோ அரிசியோ மணலோ வையுங்கள். பெட்ரோல் டாங்கி, ஐஸ் பெட்டி, வலை எல்லாம் வழக்கமான இடத்தில் இருக்கட்டும். நீங்களும் கைப்பிடி பக்கம் உட்காருங்கள். பின்னால் இருக்கும் வடிகால் ஓட்டைக்கு மேலே தண்ணீர் ஏறினால் டாங்கியையும் ஐஸ் பெட்டியையும் முன்னுக்குத் தள்ளிப் பாருங்கள். அப்படியும் ஏறினால் 30க்கு இறங்கிவிடுங்கள்.

அடுத்து, இன்ஜின் மாட்டுகிற பின்பலகை. ஃபைபருக்கு உள்ளே இருப்பது பெரும்பாலும் பிளைவுட். பழைய போல்ட் ஓட்டை வழியே தண்ணீர் இறங்கி உள்ளுக்குள் அழுகும், வெளியே பெயின்ட் பளபளக்கும். சின்னச் சுத்தியலால் முழுப் பலகையையும் தட்டுங்கள். நல்ல இடம் கணீரென்று கேட்கும், அழுகின இடம் 'மொத்' என்று அமுங்கும். பிறகு இன்ஜினைத் தூக்கி நிறுத்தி, அடிமுனையைப் பிடித்து மேலும் கீழும் அசையுங்கள். பலகை கூடவே நெளிந்தால் முதல் செலவு பலகைக்குத்தான். இதில் மட்டும் தயவு செய்து சிக்கனம் பார்க்காதீர்கள். ஆற்றுமுகத்தில் பலகை விட்டுப்போனால் இன்ஜின் மட்டும் போகாது, பின்பக்கம் திறந்து தண்ணீர் உள்ளே வரும்.

ஷார்ட், லாங் என்கிறார்களே, எதைக் கேட்டு வாங்குவது?

ஷார்ட், லாங் என்பது இன்ஜின் தண்டின் நீளம். இன்ஜினைக் கவ்வ வைக்கும் இடத்தின் மேல்விளிம்பிலிருந்து படகின் அடி வரை நேராக அளந்து பாருங்கள். 15 அங்குலத்தை ஒட்டி வந்தால் ஷார்ட், 20 என்றால் லாங், 25 என்றால் எக்ஸ்ட்ரா லாங். மாட்டிய பிறகு, காற்றாடிக்கு (புரொப்பல்லர்) மேலே இருக்கும் தட்டு படகின் அடியோடு சமமாகவோ ஓர் அங்குலம் கீழேயோ நிற்க வேண்டும். மேலே போனால் காற்றை இழுத்து வெறுமனே சுற்றும். ரொம்பக் கீழே போனால் நம் பெர்ணம் ஆற்றுச் சேற்றை உழும். பழைய இன்ஜினின் அளவை நம்பாதீர்கள். நடுவில் யாராவது பலகையை உயர்த்தியிருக்கலாம்.

மரச் சம்பான், 20 அடி. 40 போட்டால் பறக்கும் என்று கூட்டாளி சொல்கிறான்.

பறக்காது. தண்ணீரைப் பிளந்து போகும் வட்ட அடி மரப் படகுக்கு வேக எல்லை உண்டு. நீர்மட்டத்தில் 20 அடி நீளம் இருந்தால் அது ஏறக்குறைய 6 நாட், மணிக்கு 11 கிலோமீட்டர். அதற்கு மேல் விசை கொடுத்தால் பின்பக்கம் அமுங்கி, தான் எழுப்பிய அலையிலேயே படகு ஏறிக்கொண்டிருக்கும். பெட்ரோல்தான் போகும். வற்று நேரத்தில் நீரோட்டத்தை எதிர்த்து வர வேண்டியிருப்பதால் 15 போடுங்கள், அது தாராளம்.

பெட்ரோல் விற்கிற விலைக்கு ஃபோர் ஸ்ட்ரோக்தானே லாபம்?

எத்தனை மணி நேரம் ஓட்டுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. பழைய கார்புரேட்டர் டூ ஸ்ட்ரோக்கில் பெட்ரோலில் கால்வாசி எரியாமலே புகையோடு போய்விடும். 50க்கு 1 எண்ணெய் வேறு: 25 லிட்டருக்கு அரை லிட்டர். முழு வேகத்தில் 40 குதிரை ஃபோர் ஸ்ட்ரோக் மணிக்கு 15 லிட்டரை ஒட்டிக் குடிக்கும். டூ ஸ்ட்ரோக் அதைவிட நன்றாகவே கூடுதல். தினமும் கடலுக்குப் போகிறவர் தயங்காமல் ஃபோர் ஸ்ட்ரோக் வாங்கலாம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஆற்றில் வலை போடுகிறவருக்கு, எடை குறைந்த, தானே பிரித்துச் சரிசெய்யக்கூடிய டூ ஸ்ட்ரோக் இன்னும் நல்ல துணை.

எந்தக் கம்பெனி நல்லது?

தெலுக் இந்தானிலோ சபாக் பெர்ணமிலோ எதற்கு உடனே சாமான் கிடைக்கிறதோ அது. மீன் ஓடும் பருவத்தில் இன்ஜினுக்குக் குளிர்நீர் ஏற்றும் சின்ன ரப்பர் சக்கரமான ஒரு இம்பெல்லருக்காக இரண்டு வாரம் காத்திருக்க யாராலும் முடியாது. எடைதான் கவலை என்றால் சுசூக்கியின் 15 குதிரை ஃபோர் ஸ்ட்ரோக்கைப் பாருங்கள், 44 கிலோதான்.

செகண்ட் ஹேண்ட் வாங்கும்போது எதைப் பார்க்கணும்?

நீங்கள் வரும்வரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று விற்பவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். சூடான இன்ஜின் குறையை மறைக்கும். சிலிண்டர்களின் கம்ப்ரஷன் (உள்ளே அமுங்கும் காற்றின் அழுத்தம்) ஒன்றுக்கொன்று பத்து சதவீதத்துக்கு மேல் வித்தியாசப்பட்டால் வேண்டாம். கியர் எண்ணெய் பால் மாதிரி வெளுத்திருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. சீரியல் நம்பர் சுரண்டியிருந்தால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் திரும்பி வந்துவிடுங்கள்.

லைசென்ஸ்?

மீன்பிடி உரிமம் உள்ள படகென்றால் வாங்கும் முன் மீன்வளத் துறை அலுவலகத்தில் இன்ஜின் மாற்ற விண்ணப்பியுங்கள். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள்.

புது இன்ஜின் போட்டும் இழுவை இல்லை, பழைய காற்றாடியைத்தான் மாட்டினேன்.

காரணம் அதுவாகத்தான் இருக்கும். சுற்று எண்ணும் டாக்கோமீட்டர் ஒன்றை இரவல் வாங்கி, வழக்கமான சுமையோடு முழு வேகத்தில் ஓட்டிப் பாருங்கள். சிறிய ஃபோர் ஸ்ட்ரோக் பெரும்பாலும் நிமிடத்துக்கு 5000 முதல் 6000 சுற்று தொட வேண்டும், சரியான எண் கையேட்டில் இருக்கும். தொடவில்லையா, பிட்ச் (ஒரு சுற்றில் காற்றாடி முன்னேறும் தூரம்) குறைந்த காற்றாடி போடுங்கள். ஓர் அங்குலம் குறைத்தால் சுமார் 200 சுற்று ஏறும்.

அங்கிள், அப்பாவுக்கு 60 தாண்டிவிட்டது, தனியாகத்தான் போகிறார். கயிறு இழுக்க முடியவில்லை. செல்ஃப் ஸ்டார்ட் வாங்கித் தரலாமா?

கண்டிப்பாக வாங்கிக் கொடும்மா. கயிறு இழுத்தும் கிளப்பக்கூடிய மாடலாகப் பார், பேட்டரி இறங்கினால் நடு ஆற்றில் அதுதான் கைகொடுக்கும். பேட்டரியை மூடியுள்ள பெட்டியில், உப்புத் தண்ணீர் படாத உயரத்தில் வைக்கச் சொல். கரைக்கு வந்ததும் நல்ல தண்ணீர் விட்டு இன்ஜினைக் கழுவட்டும். சேற்று ஆற்றில் ஓடுவதால் இம்பெல்லரை வருஷத்துக்கு ஒரு தடவை மாற்றிவிடலாம். இன்ஜினோடு ஒரு சிவப்புச் சுருள் கயிறு வரும். அதை அவர் மணிக்கட்டில் மாட்டிக்கொண்டுதான் கிளப்ப வேண்டும். அவர் தவறி விழுந்தால் கயிறு இழுபட்டு இன்ஜின் நின்றுவிடும், படகு அவரை விட்டு ஓடாது. இன்ஜின் வந்த அன்றைக்கே, கரையோரத்தில் வைத்து, அந்தக் கயிற்றைப் பிடுங்கி இன்ஜின் நிற்கிறதா என்று அவரையே செய்து பார்க்கச் சொல்.