சிஸ்டம் அட்மினுக்கு எந்தச் சான்றிதழ் முதலில்?

கேள்வி: திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தில் நான்கு ஆண்டுகளாக சிஸ்டம் அட்மினிஸ்ட்ரேட்டராக இருக்கிறேன். விண்டோஸ் சர்வர், ஆக்டிவ் டைரக்டரி (பயனர் கணக்குகளையும் அனுமதிகளையும் நிர்வகிக்கும் அமைப்பு), பேக்கப் ஆகியவை என் பொறுப்பு. இரண்டு லினக்ஸ் சர்வர்களும் உண்டு. அவற்றில் சிக்கல் வந்தால் வெளியிலிருந்து ஆளை அழைக்கிறோம். கிளவுட் நிர்வாகப் பணிக்கு மாற விரும்புகிறேன். சி.சி.என்.ஏ. (சிஸ்கோவின் நெட்வொர்க் சான்றிதழ்), ரெட் ஹாட் (லினக்ஸ்), அஸூர் (மைக்ரோசாஃப்டின் கிளவுட்), ஏ.டபிள்யூ.எஸ். (அமேசானின் கிளவுட்) நான்கையும் ஒரே தொகுப்பாகப் படிக்கும்படி ஒரு பயிற்சி மையம் சொல்கிறது. எதில் தொடங்குவது?

பதில்: அந்தத் தொகுப்பில் சேர வேண்டாம். நான்கையும் அடுத்தடுத்துப் படிப்பவருக்கு எதிலும் கை பழகுவதில்லை. நேர்முகத் தேர்வில் இரண்டாவது கேள்வியிலேயே அது வெளிப்பட்டுவிடும். உங்கள் கேள்வியில் எனக்கு முக்கியமாகப் பட்டது, லினக்ஸ் சிக்கலுக்கு வெளியாரை அழைக்கிறோம் என்ற வரிதான். கிளவுடில் இயங்கும் சர்வர்களில் பெரும்பகுதி லினக்ஸ் என்பதால், நீங்கள் போக விரும்பும் வேலைக்கும் இப்போது செய்யும் வேலைக்கும் நடுவே உள்ள பெரிய இடைவெளி அதுவே. ஆகவே ரெட் ஹாட்டின் லினக்ஸ் நிர்வாகச் சான்றிதழான ஆர்.எச்.சி.எஸ்.ஏ. முதலில், அஸூர் நிர்வாகிக்கான ஏ.இசட்-104 அடுத்து என்பது என் பரிந்துரை.

ஆர்.எச்.சி.எஸ்.ஏ. தேர்வில் விடையைத் தேர்ந்தெடுக்கும் வினாக்கள் கிடையாது. மூன்று மணி நேரத்தில், இயங்கிக்கொண்டிருக்கும் கணினியில் வேலைகளைச் செய்து காட்ட வேண்டும்: மறந்துபோன ரூட் (முதன்மை நிர்வாகி) கடவுச்சொல்லை மாற்றுவது, வட்டு இடத்தைப் பிரித்தாளும் எல்.வி.எம். கொள்ளளவைக் கூட்டுவது, எஸ்.இ.லினக்ஸ் என்ற பாதுகாப்பு அமைப்பு தடுக்கும் ஒரு சேவையை முறைப்படி இயங்கச் செய்வது போன்றவை. 300 மதிப்பெண்ணில் 210 எடுத்தால் தேர்ச்சி. இணையம் இல்லை, மேன் பக்கங்கள் (கட்டளைகளுக்கான கையேடு) போன்ற, கணினியோடு வரும் ஆவணங்களை மட்டும் பார்க்கலாம். செய்த மாற்றங்கள் ரீபூட்டுக்குப் பிறகும் நிலைத்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையில்தான் பலர் மதிப்பெண்ணை இழக்கிறார்கள். வட்டுகளை இணைக்கும் விவரம் உள்ள எஃப்எஸ்டேப் கோப்பில் ஒரு வரி பிழையானால் கணினி முழுமையாக எழுந்திருக்காது, மற்ற விடைகளும் அதோடு போகும். எனவே பயிற்சியின்போதே ஒவ்வொரு வேலைக்குப் பின்னும் ரீபூட் செய்து சரிபார்க்கும் பழக்கத்தை ஏற்படுத்திக்கொள்ளுங்கள். அலுவலக சர்வரிலும் அதே பழக்கம் உங்களைக் காக்கும்.

இதற்குப் பெரிய செலவு தேவையில்லை. ரெட் ஹாட் தனிநபர்களுக்குத் தரும் இலவச டெவலப்பர் சந்தாவில் அதன் லினக்ஸை 16 கணினிகள் வரை நிறுவிக்கொள்ளலாம். ரெட் ஹாட் லினக்ஸை ஒத்த ராக்கி லினக்ஸ், அல்மா லினக்ஸ் ஆகியவையும் பயிற்சிக்குப் போதுமானவை. 16 ஜிபி ரேம் உள்ள மடிக்கணினியில் விர்ச்சுவல்பாக்ஸ் மென்பொருள் வழியே இரண்டு மூன்று மெய்நிகர் கணினிகளை இயக்க முடியும். எந்தப் பதிப்பில் தேர்வு நடக்கிறது என்பதைப் பதிவு செய்யும் முன் ரெட் ஹாட் தளத்தில் உறுதி செய்துகொண்டு, அதே பதிப்பிலேயே பழகுங்கள்.

ஏ.இசட்-104 உங்களுக்கு எளிதாக இருக்கக் காரணம் உண்டு. பயனர், குழு, அனுமதி என ஆக்டிவ் டைரக்டரியில் நீங்கள் நாள்தோறும் கையாள்பவை, மைக்ரோசாஃப்டின் கிளவுட் அடையாளச் சேவையான என்ட்ரா ஐடியில் சற்றே வேறு வடிவில் வருகின்றன. விர்ச்சுவல் நெட்வொர்க், ஸ்டோரேஜ், பேக்கப் ஆகியவற்றின் அடிப்படையும் உங்களுக்குத் தெரிந்ததே. பாடப்புத்தகம் இன்னும் ‘அஸூர் ஆக்டிவ் டைரக்டரி’ என்றே சொன்னால், அது 2023இல் அந்தச் சேவை என்ட்ரா ஐடி எனப் பெயர் மாறியதற்கு முந்தையது, வேறொன்றைத் தேடுங்கள். எம்.சி.எஸ்.இ. என்ற பழைய மைக்ரோசாஃப்ட் சான்றிதழுக்குக் கற்றுத்தருவதாக யாராவது விளம்பரம் செய்தால் அதற்கும் பணம் கட்ட வேண்டாம். மைக்ரோசாஃப்ட் அதை 2021 ஜனவரி 31 அன்றே நிறுத்திவிட்டது.

செல்லுபடிக் காலத்தையும் இப்போதே கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். ஆர்.எச்.சி.எஸ்.ஏ. மூன்று ஆண்டுகள் செல்லும். ஏ.இசட்-104 சான்றிதழ் ஓராண்டுதான். ஆனால் காலாவதிக்கு முந்தைய ஆறு மாதங்களுக்குள் இணையத்திலேயே இலவச மதிப்பீட்டை எழுதிப் புதுப்பிக்கலாம். அந்த நாளைத் தவறவிட்டால் மீண்டும் கட்டணம் செலுத்தி முழுத் தேர்வையும் எழுத வேண்டியிருக்கும்.

சி.சி.என்.ஏ. நெட்வொர்க் பொறியாளராக விரும்புபவருக்கு அருமையான தேர்வு. உங்களுக்கு அதன் பாடத்திட்டத்தில் சப்நெட்டிங் (நெட்வொர்க்கைச் சிறு பகுதிகளாகப் பிரித்தல்), ரவுட்டிங் (தரவுக்கு வழி காட்டுதல்), டி.என்.எஸ். (பெயரை ஐ.பி. முகவரியாக மாற்றுதல்) பகுதிகள் போதும், தேர்வெழுதத் தேவையில்லை. ஏ.டபிள்யூ.எஸ். பற்றி, நீங்கள் விண்ணப்பிக்கப் போகும் நிறுவனங்களின் அறிவிப்புகளைப் பார்த்து முடிவு செய்யுங்கள். அவற்றில் பெரும்பாலானவை ஏ.டபிள்யூ.எஸ். கேட்டால், ஏ.இசட்-104 இடத்தில் அதை வைத்துக்கொள்ளுங்கள். லினக்ஸ் முதலில் என்ற வரிசை அப்போதும் மாறாது.

உண்மைத் தேர்விலிருந்து கசிந்தவையாக ‘டம்ப்’ என்ற பெயரில் விற்கப்படும் வினாத்தொகுப்புகளை அருள்கூர்ந்து தொடாதீர்கள். அவற்றைப் பயன்படுத்துவது தேர்வு ஒப்பந்தத்தை மீறுவதாகும். கண்டறியப்பட்டால் சான்றிதழைப் பறிப்பதோடு எதிர்காலத் தேர்வுகளுக்கும் தடை வரலாம். அதைவிடவும், மனப்பாடம் செய்து தேறியவர் நள்ளிரவில் சர்வர் நின்றுபோகும்போது செயலற்று நிற்பார். அவரை நம்பி ஓர் அலுவலகமே காத்திருக்கும்.

தேர்வுக் கட்டணத்தை நிறுவனம் ஏற்குமா என்று கேளுங்கள். லினக்ஸ் சிக்கலுக்கு வெளியாருக்குத் தரும் தொகையைக் கணக்கிட்டுக் காட்டினால் மேலாளருக்குப் புரியும். பதிவு செய்யும்போது, பெயர் உங்கள் அடையாள அட்டையில் உள்ளபடியே இருக்கட்டும். பாஸ்போர்ட்டில் தந்தை பெயர் விரித்து எழுதப்பட்டு, பதிவில் தலைப்பெழுத்து மட்டும் இருந்தால் தேர்வு மையத்தில் அனுமதி மறுக்கப்படலாம்.