பெயிண்ட் டப்பாவைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள்

வணக்கம். பத்து வருடம் தார்ப்பாய்க்குள் கிடந்த மிரர் டிங்கி என்ற சின்னப் பாய்மரப் படகுக்கு அடியில் பெயிண்ட் அடித்து அடுத்த மாதமே ஏரியில் இறக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். அவசரப்படாதீர்கள்.

1960களில் வந்த வடிவமைப்பு இது. பிளைவுட் பலகைகளைச் செம்புக் கம்பியால் தைத்து, மூட்டுகளில் ஃபைபர் கிளாஸ் நாடாவும் ரெசினும் ஒட்டியது. நோய் அந்த நாடாவுக்கு அடியில்தான் ஒளிந்திருக்கும். ஸ்க்ரூடிரைவர் கைப்பிடியால் படகு முழுக்கத் தட்டிப் பாருங்கள். நல்ல மரம் கணீரென்று ஒலிக்கும், இற்றது மொத்தென்று கேட்கும். பின்பலகையையும் டேகர்போர்டு (படகு பக்கவாட்டில் நழுவாமலிருக்கத் தண்ணீருக்குள் இறக்கும் பலகை) இறங்கும் பெட்டியின் அடிப்பகுதியையும் விட்டுவிடாதீர்கள். இற்றதை வெட்டியெடுத்துப் புது மரைன் பிளைவுட் வைத்து எபாக்சிப் பசையால் ஒட்டுங்கள். ஈர மரத்தில் எபாக்சி பிடிக்காது. சில வாரம் நிழலில் காயட்டும். (நான் பொறுக்காமல் ஒட்டி, ஒரே சீசனில் உரித்தெடுத்தேன்!)

அப்புறம் காற்றறைகள். கவிழ்ந்தால் படகை மிதக்க வைப்பவை அவைதான். தக்கையைக் கழற்றி, குழாய் வைத்து வாயால் மெதுவாக ஊதி, மூட்டுகளில் சோப்புத் தண்ணீர் தடவுங்கள். குமிழி வரும் இடம் ஓட்டை. கம்ப்ரசர் வேண்டாம், மூட்டே பிரிந்துவிடும்.

பாய் கிழிந்திருந்தால் தைத்துக்கொள்ளலாம். பாய்மரத்தைப் பிடித்து நிற்கும் கம்பிகளில் ஒரு இழை அறுந்திருந்தாலும் மாற்றிவிடுங்கள்.

முதல் நாள் இடுப்பளவுத் தண்ணீரில், லைஃப் ஜாக்கெட்டோடு, வேண்டுமென்றே கவிழ்த்து நிமிர்த்திப் பாருங்கள். பின்பலகையின் படம் ஒன்று போடுங்களேன்.