‘நேரம் கிடைத்தால் வருகிறேன்’ என்று சொல்லாதீர்கள்

முதியோர் இல்லங்களில் பணிபுரிந்து ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர் வாசகர் கேள்விகளுக்குப் பதில் அளிக்கிறார்.

கேள்வி: அம்மா முதியோர் இல்லத்தில் இருக்கிறார். சுற்றிலும் ஆட்கள், கூடத்தில் எந்நேரமும் தொலைக்காட்சி. ஆனாலும் ‘எனக்கு யாருமே இல்லை’ என்கிறார். நேரம் கிடைக்கும்போதெல்லாம் முன்கூட்டிச் சொல்லாமல் போய் நிற்கிறேன், திடீரென்று பார்த்தால் மகிழ்வாரே என்று. கிளம்பும்போது அழுகிறார். போகாமலே இருந்துவிடலாமா?

பதில்: போங்கள். சொல்லாமல் போவதை மட்டும் நிறுத்துங்கள். நீங்கள் வராத நாட்களில் அம்மா எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்று பணியாளர்களைக் கேட்டுப் பாருங்கள். இன்று வருவார்களோ என்று காலையிலேயே தலைவாரி, வாசல் தெரியும் நாற்காலியைப் பிடித்துக்கொள்பவர்கள் எல்லா இல்லங்களிலும் உண்டு. உங்களுக்கு ஒரு நாள் மகிழ்ச்சி. அவருக்கு மற்ற நாளெல்லாம் ஏமாற்றம்.

ரிச்சர்ட் ஷுல்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் 1976இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். கல்லூரி மாணவர்கள் இல்லத்து முதியவர்களைப் பார்க்கச் சென்றார்கள். சிலருக்கு வரும் நாளைத் தேர்ந்தெடுக்கும் உரிமை இருந்தது. சிலருக்கு நாள் முன்பே சொல்லப்பட்டது. மற்றும் சிலரை மாணவர்கள் தோன்றியபோது போய்ப் பார்த்தார்கள். முதல் இரு பிரிவினரும் தேறினார்கள். மூன்றாம் பிரிவினரோ, யாருமே பார்க்க வராதவர்களைவிட மேலாக இல்லை. பேச்சுத்துணைதான் மருந்து என்றால் மூவருக்கும் ஒரே பலன் கிடைத்திருக்க வேண்டும் அல்லவா?

அதன் பின்கதையையும் சொல்ல வேண்டும். ஆய்வு முடிந்தது, மாணவர்கள் வருவது நின்றது. சில ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, நன்கு தேறியிருந்த அந்த இரு பிரிவினரின் உடல்நலமும் வாழும் ஆர்வமும் சரிந்திருந்தன. ஆகவே வாரம் மூன்று முறை வருவதாகச் சொல்லி ஒரு மாதத்தில் கைவிடுவதைவிட, மாதம் இரண்டு முறை என்று சொல்லித் தவறாமல் வருவது மேல். எந்த நாள், எந்த நேரம் என்பதை அம்மாவே சொல்லட்டும். நாட்காட்டியில் அவர் கையாலேயே வட்டமிடட்டும். வர முடியாமல் போனால் நீங்களே தொலைபேசியில் அழைத்து, மாற்று நாளையும் அப்போதே சொல்லிவிடுங்கள். கிளம்பும்போது அழுகை உடனே நின்றுவிடாது. அதற்காக அவர் கழிவறைக்குப் போன நேரம் பார்த்து நழுவாதீர்கள். பிள்ளைகள் பலர் இதைச் செய்கிறார்கள். எனக்கு அறவே பிடிக்காத பழக்கம்.

சுற்றிலும் ஆட்கள் இருந்தும் ‘யாருமே இல்லை’ என்பது முரண்டல்ல. ராபர்ட் வைஸ் என்ற சமூகவியலாளர் 1973இலேயே தனிமையை இரண்டாகப் பிரித்துக் காட்டினார்: பழகும் வட்டம் இல்லாத தனிமை, மனத்துக்கு நெருங்கிய ஒருவர் இல்லாத தனிமை. இரண்டாவதைக் கூடம் நிறைய ஆட்களை வைத்தும் நிரப்ப முடியாது.

கேள்வி: இல்லத்தில் வசிக்கும் முதியவன் நான். சாப்பாட்டு மேசையில் மற்றவர்கள் பேசுவது பிடிபடுவதில்லை. சிரித்துத் தலையாட்டி வைக்கிறேன். இப்போதெல்லாம் அறையிலேயே சாப்பிட்டுவிடுகிறேன். ஒதுங்கி வாழப் பழகிக்கொள்வதுதான் வழியா?

பதில்: ஐயா, முதலில் காதைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். வெறும் காதழுக்கு அடைப்பாகக்கூட இருக்கலாம். அது இல்லையென்றால் கேட்கும் திறனை அளக்கச் சொல்லுங்கள். வயதாகும்போது ‘ஸ’, ‘ஷ’ போன்ற கூர்மையான ஒலிகள்தான் முதலில் மங்கும். குரல் கேட்கும், சொல் விளங்காது. இரைச்சலில் இன்னும் மோசம். அதனால்தான் அறையில் ஒருவரோடு பேச முடிகிறவருக்கு மேசையில் பேச முடிவதில்லை. இதை அறியாதவர்கள் உங்களை ‘ஒட்டாத ஆள்’ என்று முடிவு கட்டியிருப்பார்கள்.

தொலைக்காட்சியிலிருந்து தள்ளி, சுவரில் முதுகு சாய்கிற இடமாகக் கேட்டு வாங்குங்கள். பேசுபவர் முகத்தில் வெளிச்சம் விழ வேண்டும். கத்த வேண்டாம், நிதானமாகப் பேசுங்கள் என்று வெட்கப்படாமல் சொல்லுங்கள். காதொலிக் கருவி கொடுத்தால் பழகச் சில வாரங்கள் ஆகும், அலமாரியில் போட்டுவிடாதீர்கள். மேசை முழுவதையும் வெல்ல வேண்டியதில்லை. மனத்துக்குப் பிடித்த ஒருவரைப் பக்கத்தில் உட்கார்த்திக்கொண்டால் போதும்.

கேள்வி: அப்பா முன்போல் சாப்பிடுவதில்லை. விடியும் முன்பே விழித்துவிடுகிறார். எப்போதும் இங்கே வலி, அங்கே வலி. இல்லத்தில் ‘வயதானால் அப்படித்தான்’ என்கிறார்கள்.

பதில்: அந்தப் பதிலை ஏற்காதீர்கள். மனச்சோர்வு வயதின் பகுதி அல்ல, நோய். குணப்படுத்தக்கூடியது. முதியவர்கள் ‘மனம் சரியில்லை’ என்று சொல்வது குறைவு, வலியாகத்தான் சொல்வார்கள். முதியோர் மனச்சோர்வுக்கென்றே 1980களில் ஒரு வினாப்பட்டியலை உருவாக்கினார்கள். அதன் சுருக்க வடிவில் 15 கேள்விகள். ஆம், இல்லை என்றால் போதும். தூக்கம், பசி, வலி பற்றி அதில் ஒரு கேள்வியும் கிடையாது. வேறு காரணங்களாலும் அவை கெடும் என்பதால் விட்டுவிட்டார்கள். 5க்கு மேல் மதிப்பெண் வந்தால் மருத்துவர் விரிவாகப் பார்க்க வேண்டும். தைராய்டு, வைட்டமின் பி12, உட்கொள்ளும் மாத்திரைகள் ஆகியவற்றையும் சரிபார்க்கச் சொல்லுங்கள்.

திடீரென்று ஓரிரு நாளில் குழம்பினாலோ மந்தமானாலோ அது வேறு. தொற்றோ மருந்தோ காரணமாக இருக்கலாம், அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். ‘போய்ச் சேர்ந்தால் தேவலை’ என்று சொன்னால், ‘சாக வேண்டும் என்று தோன்றுகிறதா?’ என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் முளைத்துவிடாது. ஆம் என்றால் தனியே விடாமல் உடனே மருத்துவ உதவி தேடுங்கள்.

கேள்வி: நான் இல்லத்தில் பணியாளர். ஒரு தளத்துக்கே இரண்டு பேர்தான். குளிப்பாட்டி உடைமாற்றவே பொழுது போய்விடுகிறது. இவர்கள் தனிமைக்கு நான் என்ன செய்ய முடியும்?

பதில்: தனியாக நேரம் ஒதுக்கச் சொல்ல மாட்டேன் தம்பி, உங்களிடம் அது இல்லை. குளிப்பாட்டும் நேரம் இருக்கிறதே! எந்தச் சட்டை, முதலில் முகமா காலா, ஜன்னல் திறந்திருக்கட்டுமா என்று கேட்டுச் செய்யுங்கள். ஷுல்ஸ் ஆய்வு வந்த அதே 1976இல் எலன் லாங்கர், ஜூடித் ரோடின் என்ற உளவியலாளர்கள் இருவர் ஓர் இல்லத்தில் ஒரு தளத்தாருக்குச் செடி கொடுத்து, கவனிப்பது உங்கள் பொறுப்பு என்றார்கள். இன்னொரு தளத்தாருக்கும் செடி கொடுத்தார்கள், ஆனால் தண்ணீர் ஊற்றியது செவிலியர். பொறுப்பு கிடைத்தவர்கள் கூடுதல் சுறுசுறுப்பாகவும் மகிழ்ச்சியாகவும் ஆனார்கள். துணி மடிப்பது, நாளிதழைப் பக்கத்து அறைக்குக் கொண்டுபோய்க் கொடுப்பது என்று முடிந்த வேலையைக் கேட்டுக் கொடுங்கள். மடித்தது கோணலாக இருந்தால் அவர் கண்முன் மறுபடி மடிக்காதீர்கள். ஆள் பற்றாக்குறையைப் பற்றி நிர்வாகத்துக்கு எழுத்தில் கொடுங்கள். நீங்கள் இனிமையாகப் பேசுவதைக் காட்டி அவர்கள் ஆள் போடாமல் இருந்துவிடக் கூடாது.