பகரத்தைத் தொலைத்த மொழிகள்

வணக்கம். அயர்லாந்து, வேல்ஸ், ஸ்காட்லாந்து மக்கள் எல்லாரும் கெல்ட் இனம் என்று படித்தேன். அப்படியானால் ஐரிஷ் பேசுபவருக்கு வெல்ஷ் புரியுமா? ஒருவர் கெல்ட்டா என்பதை மரபணுச் சோதனை சொல்லிவிடுமா?
– ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

புரியாது, சொல்லவும் சொல்லாது. கெல்ட் என்பதை இனப்பெயராகக் கொள்வதால் வரும் குழப்பம் இது. ரோமானியத் தளபதி சீசர் அந்தப் பெயரால் சுட்டியது இன்றைய பிரான்சின் நடுப்பகுதி மக்களை, பிரிட்டன்காரர்களை அல்ல. 1707இல் வெல்ஷ் அறிஞர் எட்வர்ட் லூயிட் ஐரிஷ், வெல்ஷ், கார்னிஷ் (இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதி மொழி), பிரெட்டன் (பிரான்சின் பிரிட்டனி பகுதி மொழி) சொற்களை ஒப்பிட்டு உறவைக் காட்டிய பிறகுதான் இம்மொழிகளுக்குக் 'கெல்டிக்' என்ற பெயர் நிலைத்தது.

அந்த உறவைக் காட்டிக்கொடுப்பது பகரம், அதாவது p ஒலி. லத்தீனுக்கும் கெல்டிக்குக்கும் பொதுவான மூலமொழியில் சொல்முதலில் நின்ற பகரம் கெல்டிக்கில் உதிர்ந்துவிட்டது. மீன் லத்தீனில் 'பிஸ்கிஸ்', ஐரிஷில் 'ஈயஸ்க்'. இன்று வெல்ஷில் கேட்கும் பகரம் பலவும் பின்னால் 'க்வ' ஒலி திரிந்து வந்தவை. அதே ஒலி ஐரிஷில் ககரமாயிற்று. தலைக்கு ஐரிஷில் 'கியான்', வெல்ஷில் 'பென்'. இந்தப் பிளவு இரண்டாயிரம் ஆண்டுக்கும் மேல் பழையது. ஐரிஷ்காரருக்கு ஸ்காட்டிஷ் கேலிக் ஓரளவு பிடிபடும், வெல்ஷ் பிடிபடாது.

ஆனாலும் இரண்டிலும் சொல்லின் முதலெழுத்தே மாறும். எனக்கு மிகப் பிடித்த இடம் இது. வெல்ஷில் அம்மா 'மம்'. 'இ வம்' என்றால் அவனுடைய அம்மா, 'இ மம்' என்றால் அவளுடைய அம்மா. 'இ' இரண்டுக்கும் ஒன்றே. ஆணா பெண்ணா என்பதை அடுத்த மெய்தான் சொல்கிறது. ஐரிஷில் பசு 'போ' (bó; இது p அல்ல, b ஒலி). 'அ வோ' அவன் பசு, 'அ போ' அவள் பசு. காரணம் எளியது. 'அவனுடைய' என்ற பழஞ்சொல் உயிரில் முடிந்தது, 'அவளுடைய' சகரமெய்யில் முடிந்தது. நம் 'அகம்' என்பதில் ககரம் மெலிவதுபோல, இரு உயிர்களுக்கு நடுவே மாட்டிய மெய் மெலிந்தது. பிறகு ஈறுகள் உதிர்ந்தன, மெலிவு மட்டும் தங்கிவிட்டது. வெல்ஷ் படிக்கத் தொடங்குபவர்கள் அகராதியில் 'வம்' தேடி ஏமாறுவார்கள். வகரத்தில் கிடைக்காத சொல்லை மகரத்திலும் (m) பகரத்திலும் (b) தேடுங்கள்; உயிரில் கிடைக்காவிட்டால் முன்னால் ஒரு ககரம் (g) சேர்த்துப் பாருங்கள்.

மரபணுவுக்கு வருகிறேன். பிரிட்டனில் 2,039 பேரை ஆராய்ந்து 2015இல் வெளியான ஆய்வில் பொதுவான கெல்ட் குழு எதுவும் தட்டுப்படவில்லை. கார்ன்வால் மக்கள் வேல்ஸ்காரர்களைவிட மற்ற ஆங்கிலேயர்களுக்கே நெருக்கமாக இருந்தார்கள். சோதனை அறிக்கையில் 'கெல்டிக்' என்று ஒரு சதவீதம் வந்தால், இன்று அயர்லாந்து, ஸ்காட்லாந்து போன்ற இடங்களில் வாழ்பவர்களின் மாதிரியோடு உங்கள் மாதிரி அவ்வளவு ஒத்துப்போகிறது என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.