சிறைக்கு எந்தப் புத்தகம்? – கடிதம்

அன்புள்ள சார்,

சென்னைப் புத்தகக் காட்சியில் சிறைத்துறை அரங்கில் கைதிகளுக்காகப் புத்தகங்களை நன்கொடையாக வாங்கினார்கள். நானும் ஆறு சுயமுன்னேற்ற நூல்கள் கொடுத்தேன். வாசிப்பு ஒரு சிகிச்சை என்கிறார்களே, உள்ளே இருப்பவர்களை அது நிஜமாகவே மாற்றுமா?

எம்., திருச்சி

அன்புள்ள எம்.,

கொடுத்தது நல்ல காரியம். அடுத்த முறை கதைப் புத்தகமாகக் கொடுங்கள். ‘திருந்து’ என்று நீதிபதி சொல்லியாயிற்று, வார்டர் தினமும் சொல்கிறார். புத்தகமுமா சொல்ல வேண்டும்?

மாற்றும் என்று சத்தியம் பண்ண மாட்டேன். ஆனால் 1991-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ராபர்ட் வாக்ஸ்லர் என்ற இலக்கியப் பேராசிரியர் தன் நண்பர், நீதிபதி ராபர்ட் கேனிடம் ஒன்று கேட்டார்: சிறைக்குப் போக வேண்டிய சிலரை என் வகுப்புக்கு அனுப்பக் கூடாதா? எட்டுப் பேரோடு தொடங்கியது. பல்கலைக்கழக அறையில் நாவல் படித்துப் பேச வேண்டும், அவ்வளவுதான். நீதிபதியும் நன்னடத்தை அதிகாரியும் அதே மேசையில், அதே நாவலோடு. தண்டனை கொடுக்கிறவரும் வாங்குகிறவரும் ஒரு கதாபாத்திரத்துக்காக மல்லுக்கட்டுவதை யோசித்துப் பாருங்கள்.

பிரேசிலில் 2012 முதல் வேறு வழி. மாதம் ஒரு புத்தகம் படித்துக் கட்டுரை எழுதினால் தண்டனையில் நான்கு நாள் கழியும், வருடத்துக்கு 48 நாள் வரை. நல்ல ஆசைதான். ஆனால் பத்தி பிரித்து, ஓரம் விட்டு, அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுத வேண்டும் என்றது 2012 விதி. பள்ளிக்கூடத்திலேயே இதற்குப் பயந்து ஓடியவன் என்ன செய்வான்?

அதனால் வாய்விட்டு வாசிப்பதே மேல் என்பது என் கட்சி. சில வருடங்களுக்கு முன் ஒரு மத்திய சிறையில் பேசக் கூப்பிட்டார்கள். பேச்சு எடுபடவில்லை, பின்வரிசையில் கொட்டாவி. சரி என்று கையிலிருந்த சிறுகதையை எடுத்து வாசித்தேன். அம்மாவிடம் சண்டை போட்டு ஊரைவிட்டுப் போகிற பையனின் கதை. முடித்ததும் ஓரத்தில் இருந்த ஒருவர், ஐம்பது வயதிருக்கும், எழுந்து கேட்டார்: “அந்தம்மா அப்புறம் மனு பாக்க வந்துச்சா சார்?”

சிறையில் இருப்பவரை வீட்டார் வந்து பார்ப்பதைத்தான் உள்ளே ‘மனு பார்ப்பது’ என்பார்கள். கதையில் சிறையே கிடையாது. நான் பதில் தேடுவதற்குள் பக்கத்திலிருந்தவர், “வந்திருக்காது, பஸ்சுக்குக் காசு வேணாமா?” என்றார். இன்னொருவர் அந்த அம்மாவுக்காகக் கோபப்பட்டார். லாக்கப் நேரமாகிவிட்டது என்று வார்டர் வந்து எழுப்பும்வரை ஓயவில்லை. என்னை யாரும் கண்டுகொள்ளவே இல்லை.

அப்புறம், எழுத்து பெரிதாக உள்ள பதிப்பாகப் பார்த்து வாங்குங்கள். உள்ளே எல்லாரிடமும் மூக்குக்கண்ணாடி இருக்காது.