கருஞ்சீரகம்: வயிற்றுக்கு எவ்வளவு, கல்லீரலுக்கு எவ்வளவு?

கருஞ்சீரகம் பற்றிக் கேளுங்கள் என்று சொன்னதும் வந்து குவிந்ததில் பாதி, கல்லீரலைப் பற்றியது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நான் மருத்துவர் இல்லை. பி.ஃபார்ம் படித்துவிட்டு, அப்பா நடத்திய நாட்டு மருந்துக் கடையில் இருபத்தைந்து வருடமாக உட்கார்ந்திருப்பவன். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

அண்ணா, ஒரு கடையில் கருஞ்சீரகம் என்று ஒன்றைத் தருகிறார்கள், இன்னொரு கடையில் வேறொன்று. எது சரி? (சேலம்)

நல்ல இடத்தில் ஆரம்பித்தீர்கள். நான் கடையில் உட்கார்ந்த முதல் வருடம், கருஞ்சீரகம் கேட்ட ஒரு பெரியவருக்குக் காட்டுச்சீரகத்தைப் பொட்டலம் கட்டிக் கொடுத்துவிட்டேன். மறுநாள் வந்து, "என்ன தம்பி, வேப்பங்கொட்டையை அரைச்சுக் கொடுத்தியா?" என்றார். காட்டுச்சீரகம் வயிற்றுப் பூச்சிக்குக் கொடுக்கும் மருந்து. பழுப்பாக, நீளமாக, வரிவரியாக இருக்கும், கசப்பு தாங்காது. பிரியாணியில் போடும் ஷாஜீரா வேறு. அது சாதாரணச் சீரகத்தின் உறவு, வளைந்து மெலிந்திருக்கும். கருஞ்சீரகத்துக்கும் சீரகத்துக்கும் பெயரில் மட்டும்தான் உறவு. வடக்கே கலோஞ்சி என்பார்கள். தாவரப் பெயர் நைஜெல்லா சட்டைவா.

விதை சின்னதாக, மூன்று பட்டையாக, மங்கலான கறுப்பில் இருக்கும். நாலு விதையை நகத்தால் நசுக்குங்கள். உள்ளே வெளுப்பாக, எண்ணெய்ப் பசையோடு இருக்க வேண்டும். ஓமமும் மிளகும் கலந்தாற்போல் ஒரு காரநெடி மூக்கில் ஏற வேண்டும். அந்த நெடி இல்லையென்றால் அது பழசு, அல்லது வெங்காய விதை. இரண்டும் பார்வைக்கு அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். ஈரத் துணியில் தேய்த்தால் கறுப்புச் சாயம் ஒட்டுகிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

வெந்தயம் 250, ஓமம் 100, கருஞ்சீரகம் 50 கிராம் வறுத்துப் பொடித்து இரவில் வெந்நீரில் குடித்தால் உடம்பின் கழிவெல்லாம் வெளியேறும் என்று வாட்ஸ்அப்பில் வருகிறதே? (திண்டுக்கல், ஈரோடு, இன்னும் பத்துப் பேர்)

இந்தப் பொடியால் எங்கள் கடையில் வெந்தய வியாபாரம் நன்றாக நடக்கிறது, அதனால் நான் குறை சொல்லக் கூடாது. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். மொத்தம் 400 கிராமில் கருஞ்சீரகம் எட்டில் ஒரு பங்கு. ஒரு ஸ்பூன் பொடி 4 கிராம் என்றால் அதில் கருஞ்சீரகம் அரை கிராம்தான். காலையில் வயிறு சுத்தமாவது பெரும்பாலும் வெந்தயத்தின் வழுவழுப்பான நார்ச்சத்தால். வாயு இறங்குவது ஓமத்தால். கருஞ்சீரகத்துக்கும் அதில் பங்கு உண்டு, ஆனால் பேர் வாங்குவது அதுதான்.

மலச்சிக்கல், உப்புசம், சாப்பிட்டபின் வயிறு கல் மாதிரி இருப்பது, இதற்கெல்லாம் சில நாள் எடுத்துப் பார்க்கலாம், தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும். "கழிவு" விஷயம் வேறு. ரத்தத்திலுள்ள கழிவைப் பிரிப்பது கல்லீரலும் சிறுநீரகமும். அவை எந்தப் பொடிக்கும் காத்திருப்பதில்லை.

அப்புறம், கருஞ்சீரகத்தைக் கருக வறுக்காதீர்கள். வாசனை தரும் எண்ணெய்தான் அதில் சரக்கு. மருந்தாக வேலை செய்வதாகச் சொல்லப்படும் தைமோகுயினோன் என்ற பொருளும் அந்த எண்ணெயில்தான் இருக்கிறது. சட்டி சூடேறியதும் அடுப்பை அணைத்துவிட்டு, விதையைப் போட்டு இரண்டு புரட்டு, போதும்.

எண்டோஸ்கோபியில் இரைப்பையில் எச். பைலோரி கிருமி என்றார்கள். 14 நாள் ஆன்டிபயாடிக் எழுதியிருக்கிறார்கள். அதற்குப் பதில் கருஞ்சீரகம் போதுமா? (கோவை)

போதாது. சவூதியில் 88 நோயாளிகளிடம் நேரடியாக ஒப்பிட்டுப் பார்த்து 2010-ல் வெளியிட்டார்கள். வழக்கமான மருந்துக் கூட்டில் 82.6 சதவீதம் பேருக்குக் கிருமி போனது. அமிலம் குறைக்கும் மாத்திரையோடு தினம் 2 கிராம் கருஞ்சீரகம் எடுத்தவர்களில் 66.7 சதவீதம். ஒரு சமையல் விதைக்கு இது கெட்டிக்காரத்தனம்தான், மறுக்கவில்லை. ஆனால் 3 கிராம் எடுத்தவர்களில் அது 47.8 ஆகக் குறைந்தது; கூடப் போட்டால் கூடப் பலன் என்ற கணக்கு அங்கே எடுபடவில்லை. சின்ன ஆய்வு வேறு. மருத்துவர் தந்ததை ஒரு வேளைகூட விடாமல் முடியுங்கள். பாதியில் விட்டால் கிருமி மருந்துக்குப் பழகிக்கொள்ளும்.

ஸ்கேனில் பேட்டி லிவர் (கல்லீரலில் கொழுப்பு) கிரேடு 1. எஸ்.ஜி.பி.டி. (ரத்தத்தில் பார்க்கும் கல்லீரல் என்சைம்) கொஞ்சம் கூட. கருஞ்சீரக எண்ணெய் குடித்தால் கொழுப்பு கரையுமா ஐயா? (சென்னை)

எலிகளுக்குக் கல்லீரலைக் கெடுக்கும் ரசாயனத்தையும் அளவுக்கு மீறிய பாராசிட்டமாலையும் கொடுத்து, கூடவே கருஞ்சீரகமும் கொடுத்தால் சேதம் குறைகிறது. இது பல ஆய்வுக்கூடங்களில் பார்த்த விஷயம். விளம்பரங்களில் வரும் "கல்லீரலைக் காக்கும்" என்ற வரியின் மூலம் பெரும்பாலும் இந்த எலிகள்தான். மனிதர்களிடம், குறிப்பாக ஈரானில், சில சின்ன ஆய்வுகள் நடந்தன. என்சைம் அளவு ஓரளவு இறங்கியது. நம்பிக்கை தருகிறது, ஆனால் "கொழுப்பு கரையும்" என்று நான் எழுதிக் கொடுக்க மாட்டேன்.

உங்கள் நிலையில் வேலை செய்யும் மருந்து எடையைக் குறைப்பது. 80 கிலோ இருப்பவர் 4 கிலோ குறைத்தாலே கல்லீரல் கொழுப்பு குறைய ஆரம்பிக்கும். 6, 8 கிலோ குறைத்தால் அழற்சியும் தணியும். மது இருந்தால் நிறுத்துங்கள். இத்தனையும் செய்துகொண்டு உணவில் அரை டீஸ்பூன் கருஞ்சீரகம் சேர்ப்பதில் தப்பில்லை. ஆயிரம் ரூபாய் எண்ணெய்ப் பாட்டில் வேண்டாம்.

அப்பாவுக்குக் கண் மஞ்சளாக இருக்கிறது. கீழாநெல்லியோடு கருஞ்சீரகமும் அரைத்துக் கொடுக்கலாமா? (திருவாரூர்)

தம்பி, இன்றே ரத்தப் பரிசோதனைக்குக் கூட்டிப் போங்கள். மஞ்சள் காமாலை என்பது அறிகுறி. வைரஸாக இருக்கலாம், மதுவாக இருக்கலாம், பித்தக்குழாயில் கல் அடைத்திருக்கலாம், கட்டியாகவும் இருக்கலாம். மலம் வெளிறி, உடம்பெல்லாம் அரிப்பு என்றால் அடைப்பாக இருக்க வாய்ப்பு அதிகம். அதை எந்த விதையும் திறக்காது. காய்ச்சலோ, குழப்பமான பேச்சோ, அளவுக்கு மீறிய தூக்கமோ இருந்தால் நேரே அவசரப் பிரிவு. காரணம் தெரியும்வரை கஷாயம், பொடி எதுவும் வேண்டாம்.

எங்கள் வீட்டில் தேனில் குழைத்துச் சாப்பிடுவது வழக்கம். மரணத்தைத் தவிர எல்லாவற்றுக்கும் நிவாரணம் என்று ஹதீஸில் இருக்கிறதே? (காயல்பட்டினம்)

இருக்கிறது, அந்த வழக்கத்தை நான் மதிக்கிறேன். நோய்க்குச் சிகிச்சை தேடுங்கள் என்ற ஹதீஸும் இருக்கிறது. உங்கள் வீட்டு அளவு, அதாவது சிட்டிகையும் அரை ஸ்பூனும், பெரும்பாலானோருக்குக் கெடுதல் எதுவும் செய்யாது. சர்க்கரை உள்ளவர்கள் மட்டும் தேனைக் கணக்கில் வையுங்கள்.

சுகர், பிரஷர் மாத்திரை போடுகிறேன். சேர்த்து எடுக்கலாமா? (மதுரை)

சமையலில் தாராளமாக. மருந்தாகத் தினம் என்றால் மருத்துவரிடம் சொல்லிவிட்டு. கருஞ்சீரகமும் சர்க்கரையையும் ரத்த அழுத்தத்தையும் கொஞ்சம் இறக்கும். இரண்டும் சேர்ந்தால் கூடுதலாக இறங்கலாம். எங்கள் வாடிக்கையாளர் ஒருவர் பொடி ஆரம்பித்த வாரமே பஸ் ஸ்டாண்டில் வியர்த்து உட்கார்ந்துவிட்டார். வார்ஃபரின் போன்ற ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் மாத்திரை எடுப்பவர்கள் தொடவே வேண்டாம். அறுவை சிகிச்சைக்கு இரண்டு வாரம் முன்பே நிறுத்திவிடுங்கள்.

கர்ப்பிணி சாப்பிடலாமா?

தாளிப்பில் விழும் அளவு பரவாயில்லை. பொடி, எண்ணெய், கேப்ஸ்யூல் வேண்டாம்.

ஆறு மாதக் குழந்தைக்கு வயிறு உப்புசம். கருஞ்சீரகத்தைத் தேனில் தொட்டு நாக்கில் வைக்கச் சொல்கிறார் மாமியார்.

இரண்டும் வேண்டாம் அம்மா. ஒரு வயது வரை தேன் கூடவே கூடாது. அதிலுள்ள ஒரு கிருமி கைக்குழந்தையின் குடலில் வளர்ந்து விஷமாகும். பால் குடித்ததும் தோளில் போட்டு ஏப்பம் விடச் செய்யுங்கள், மல்லாக்கப் படுக்கவைத்துக் காலை சைக்கிள் மிதிப்பது போல மெதுவாக மடக்கி நீட்டுங்கள். பச்சையாக வாந்தி எடுத்தாலோ, வயிறு இறுகி மலமே போகவில்லை என்றாலோ உடனே குழந்தை மருத்துவரிடம் போங்கள். மாமியாரிடம் மருந்துக் கடைக்காரனே வேண்டாம் என்று சொல்லிவிட்டான் என்று என் தலையில் போட்டுவிடுங்கள்.