மாவு மில்காரர் மகள்

கேள்வி: என் மகள் சமூகப்பணி படிக்கிறாள். வாய் திறந்தால் ஜேன் ஆடம்ஸ் புராணம்தான். பெரிய பணக்காரக் குடும்பமாமே? நம்ம ஊர் சீதக்காதி மாதிரி வாரி வழங்கியவரா?
- வாசகி, கீழக்கரை

பதில்: பணக்காரக் குடும்பம்தான் அம்மா. ஆனால் சீதக்காதி வேறு, இவர் வேறு. வள்ளல் வாசலைத் தேடிப் புலவரும் ஏழைகளும் வந்தார்கள், இந்த அம்மாவோ தன் வாசலையே ஏழைகள் தெருவுக்குக் கொண்டுபோய் வைத்தவர்.

1860-இல் அமெரிக்காவின் இலினாய் மாநிலத்தில் சீடர்வில் என்கிற சின்ன ஊரில் பிறந்தார். அப்பா ஜான் ஆடம்ஸுக்கு மாவு மில், மர அறுவை மில், வங்கித் தலைவர் பதவி எல்லாம் உண்டு, மாநில செனட்டராகவும் இருந்தார், ஆபிரகாம் லிங்கனுக்கு நண்பர். அம்மா சாரா இறந்தபோது ஜேனுக்கு இரண்டு வயது. நாலு வயதில் முதுகெலும்பில் காசநோய் வந்து உடம்பு கொஞ்சம் வளைந்துபோனது. அப்பாதான் உலகம். மாவை விரலால் தேய்த்துப் பார்த்துப் பார்த்து மில்காரர்களின் கட்டைவிரல் தட்டையாகிவிடுமாம், அப்பா விரல் மாதிரியே தன் விரலும் ஆகவேண்டும் என்று அந்தக் குழந்தை மில்லில் உட்கார்ந்து மாவைத் தேய்த்துக்கொண்டே இருக்குமாம். இதைப் படித்த அன்று எனக்கு வேறெதுவும் ஓடவில்லை.

1881-இல் அப்பா திடீரென்று இறந்தார். பங்காக வந்தது சுமார் 50,000 டாலர், அந்தக் காலத்தில் ஆயுசுக்கும் உட்கார்ந்து சாப்பிடலாம். அப்பாவின் இரண்டாம் மனைவியான சித்தி, தன் முதல் கல்யாணத்து மகனையே ஜேன் கட்டிக்கொள்ள வேண்டும் என்று ஆசைப்பட்டார். ஜேன் மசியவில்லை. சில வருஷம் நோயும் மனச்சோர்வுமாகப் போனது, அப்புறம் லண்டனில் படித்தவர்கள் ஏழைகள் பேட்டையிலேயே தங்கி வேலை செய்த டாயின்பீ ஹாலைப் பார்த்துவிட்டு வந்து, 1889 செப்டம்பரில் தோழி எலன் கேட்ஸ் ஸ்டாரோடு சிகாகோவின் ஹால்ஸ்டெட் தெருவில் அதே மாதிரி ஹல் ஹவுஸ் என்கிற இல்லத்தைத் தொடங்கினார். சுற்றிலும் இத்தாலி, கிரீஸ், ரஷ்யா என்று பிழைக்க வந்த ஜனங்கள்.

கேள்வி: வசதியானவர் ஏழைத் தெருவில் குடியேறினால் தெருவுக்கு என்ன லாபம்? எங்கள் குப்பத்துக்கும்தான் வந்தார்கள், போட்டோ எடுத்தார்கள், போய்விட்டார்கள்.
- வாசகர், மண்டபம்

பதில்: உங்கள் கோபம் நியாயம்தான். ஆனால் ஜேன் போய்விடவில்லையே, 1935-இல் சாகும்வரை ஹல் ஹவுஸ்தான் அவர் வீடு. மீன்கழிவை நாலு நாள் அள்ளாவிட்டால் தெரு என்னவாகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அங்கேயும் அந்தக் கதிதான், ஒப்பந்தக்காரர் குப்பையை ஒழுங்காக அள்ளவில்லை, குழந்தைகள் நோயில் விழுந்தார்கள். ஜேன் 1895-இல் குப்பை அள்ளும் ஒப்பந்தத்தையே தனக்குத் தரச் சொல்லி மனுப் போட்டார். அதைத் தள்ளிவிட்டார்கள். ஆனால் மேயர் அவரையே அந்த வார்டுக்குக் குப்பை ஆய்வாளராக நியமித்தார், வருஷம் 1,000 டாலர் சம்பளம். காலை ஆறு மணிக்கெல்லாம் எழுந்து குப்பை வண்டிகளின் பின்னாலேயே போவார். ஒரு சந்தில் குப்பையை வெட்டி எடுத்தபோது ஒன்றரை அடிக்குக் கீழே கல் பாவிய சாலை இருந்தது! செனட்டர் மகள் குப்பை வண்டிக்குப் பின்னால் நடந்தார் என்பதை விட, அந்தக் கல்சாலை வெளியே வந்ததுதான் எனக்குப் பெரிசு.

கேள்வி: கல்யாணம், குழந்தை குட்டி?
- வாசகி, தொண்டி

பதில்: கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மேரி ரோசெட் ஸ்மித் என்கிற வசதியான தோழி, தான் 1934-இல் சாகும்வரை துணையாக இருந்தார், ஹல் ஹவுஸுக்கும் நிறையக் கொடுத்தார். அக்கா மேரி 1894-இல் சாகக் கிடந்தபோது ரயில்வே வேலைநிறுத்தத்தால் வண்டி ஓடவில்லை, கணவரும் பிள்ளைகளும் வந்துசேர முடியாமல் தவித்தார்கள். பிறகு அக்காவின் கடைக்குட்டிக்கு ஜேன்தான் காப்பாளர். 1931-இல் அமைதிக்கான நோபல் பரிசு, அமெரிக்கப் பெண்களில் இவருக்குத்தான் முதலில். அடக்கம் செய்தது சிகாகோவில் இல்லை, சீடர்வில்லில், அப்பா பக்கத்தில்.